குளக்கட்டில் ஒரு காலை நடை: மன்னார்ப் பறவைகளை அறிவோம்

கடந்த மாரியில் ஒரு நாள், மீளக்குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சிலரோடும் முதிய கமக்காரர் ஒருவரோடும் கட்டுக்கரைக்குளத்துக் கட்டிலே நடந்தோம். நீரோரத்தில் வெள்ளைப் பறவைகள் கூட்டமாக நின்றன. பிள்ளைகள் எல்லாவற்றையும் "கொக்கு" என்றார்கள். பெரியவர் சிரித்துவிட்டு, "தம்பி, சொண்டைப் பாருங்கோ" என்றார். ஒன்றின் சொண்டு கரண்டி போல் தட்டையாக இருந்தது. அது கரண்டிவாயன். இன்னொன்றின் சொண்டு அரிவாள் போல் வளைந்திருந்தது. அது அரிவாள்மூக்கன். மூன்றாவது, சொண்டை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும் நத்தைகுத்தி நாரை. ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் மூன்று பறவைகளை இனங்காணக் கற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருடைய இளமைக்காலம் முகாம்களில் கழிந்தது. குளத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டிய ஒரு தலைமுறை, குளத்தைக் காணாமலே வளர்ந்துவிட்டது. அதனால்தான் எமது சிறு பட்டினங்களைச் சுற்றியுள்ள நடைபாதைகளையும் அங்கு காணக்கூடிய பறவைகளையும் பற்றி எழுத விரும்பினோம்.

ஏன் இங்கே இத்தனை பறவைகள்?

வட ஆசியாவில் குளிர் தொடங்கும்போது பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. மத்திய ஆசிய வான்பாதை எனப்படும் வழியின் தென்கோடியில் இலங்கை இருக்கிறது. இதற்கு அப்பால் பெருங்கடல்தான். ஆகவே புரட்டாதி, ஐப்பசியில் வருபவை பங்குனி, சித்திரை வரை இங்கே தங்குகின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு மன்னாரில் சில கடற்காகங்களுக்குச் சிறு கருவிகளைப் பொருத்தி அவற்றின் வழியைத் தொடர்ந்தார்கள். அவற்றுள் ஒன்று ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் தீபகற்பம் வரை சென்றது.

வந்த பறவைக்கு உணவு வேண்டும். மன்னாரில் குளம், வயல், தரவை, களப்பு, கடல் என்பன ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஒரே காலைப் பொழுதில் நன்னீர்ப் பறவையையும் உவர்நீர்ப் பறவையையும் காணலாம்.

மூன்று நடைபாதைகள்

முதலாவது, முருங்கனுக்கு அண்மையிலுள்ள கட்டுக்கரைக்குளம். 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேன மன்னன் இதைக் கட்டியதாகச் சொல்லப்படுகிறது. அருவியாற்றை மறித்த தேக்கம் அணைக்கட்டிலிருந்து இதற்கு நீர் வருகிறது. கட்டு ஏறக்குறைய 7 கிலோமீற்றர் நீளம். 1954ஆம் ஆண்டு இது சரணாலயமாக்கப்பட்டது. முழுவதும் நடக்கத் தேவையில்லை. ஒரு துருசிலிருந்து அடுத்த துருசு வரை போய்த் திரும்பினாலே போதும். குளப் பக்கத்தில் தாமரை இலைமேல் நடக்கும் நீள்வால் இலைக்கோழி, நீலநிறத் தாழைக்கோழி, குள்ளத்தாரா, சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் ஆகியவற்றைப் பாருங்கள். மறுபக்கம் திரும்பினால் வயல். அங்கே கரிச்சானும் மீன்கொத்தியும் கம்பியில் இருக்கும்.

இரண்டாவது, தள்ளாடியிலிருந்து வங்காலை நோக்கிய வீதி. வங்காலைச் சரணாலயம் 2008இல் பிரகடனப்படுத்தப்பட்டது. 4,839 ஹெக்டெயர் பரப்புள்ள இது 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்கு 20,000க்கு மேற்பட்ட நீர்ப்பறவைகள் கூடுகின்றன. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் பெருங்கூட்டமாக மிதக்கும். பூநாரைகள் தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டுச் சேற்றை வடித்துத் தின்னும். வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். சேற்றில் இறங்கினால் பறவைகள் கலைந்துவிடும்.

மூன்றாவது, மன்னார்த் தாம்போதியும் தீவின் உட்பகுதியும். தாம்போதியின் இருபுறமும் ஆலாக்களும் உள்ளான் இனங்களும் இரை தேடும். தீவின் பனங்காணிகளில் கௌதாரியின் குரல் கேட்கும். நாட்டின் வடக்கு, வடமேற்குக் கரையோரத்தை விட்டால் இந்தக் கௌதாரியை இலங்கையில் வேறெங்கும் காண்பது அரிது. 2015இல் தலைமன்னார் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியதால், முருங்கனிலிருந்து தீவு வரை புகையிரதத்திலும் போகலாம்.

கமக்காரருக்கு இதனால் என்ன?

கொக்கைப் பார்த்தால் வயிறு நிறையுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பறவை வயலைப் பற்றிச் சேதி சொல்லும். நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கினால் அங்கே நத்தை உண்டு. கரிச்சான் பூச்சி, புழுக்களைப் பிடிக்கும். அதற்காக வயலின் நடுவே தடி நட்டு, குறுக்குக் கொம்பு கட்டிவைப்பது நல்ல பழக்கம். இரவில் அதே கொம்பில் ஆந்தை இருந்து எலி பிடிக்கும். எல்லாப் பறவையும் நண்பன் என்று நாம் சொல்லவில்லை. விதைத்த நெல்லைச் சிறகி தின்னும். முற்றிய கதிரைக் கிளி கொண்டுபோகும். அவற்றைக் காவல் இருந்து கலைக்க வேண்டும். நஞ்சு வைத்தால் நத்தை தின்னும் நாரையும் எலி பிடிக்கும் ஆந்தையும் சேர்ந்தே சாகும். அதே குளத்து நீரில்தான் எமது மாடுகளும் பிள்ளைகளும் இறங்குகின்றன.

இன்னொன்றும் உண்டு. ஆட்கள் நடக்காத பாதை பற்றை மூடிப்போகும். மூடிய பாதையைச் சில காலத்தில் ஒருவர் வேலி போட்டு அடைப்பார். தரவையை "வெறும் நிலம்" என்பார்கள். குளக்கட்டு, வண்டிப்பாதை, மாடு மேயும் தரவை ஆகியவை பொதுச்சொத்து. அவற்றில் ஊரவர் நடந்து திரிவதும், என்ன இருக்கிறதென்று அறிந்து எழுதிவைப்பதும் அவற்றைக் காப்பதற்கு முதற்படி.

வெளியூர்ப் பறவை ஆர்வலர்கள் ஏற்கனவே மன்னாருக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது, சைக்கிள் வாடகைக்கு விடுவது, பாதை காட்டுவது என்பன ஊர் இளைஞரும் மாதர் சங்கமும் செய்யக்கூடிய வேலைகள். இதைப் பெரிய வருமானமாக எண்ணிக் கடன்பட வேண்டாம். ஆண்டில் சில மாதங்களுக்கே ஆட்கள் வருவார்கள். வழிகாட்டப் போகிறவர் முதலில் பறவையை அறிந்திருக்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

1. அதிகாலை 6 மணி முதல் 8 மணி வரை நல்ல நேரம். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

2. மங்கலான நிற உடை உடுத்துங்கள். மெதுவாகப் பேசுங்கள். நாயைக் கூட்டிப்போக வேண்டாம். கூடுகளுக்குக் கிட்டப் போகாதீர்கள்.

3. தொலைநோக்கி இல்லாவிட்டால் பரவாயில்லை. பருமன், சொண்டு, கால், பறக்கும் விதம் என்ற நான்கையும் கவனியுங்கள்.

4. ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி, இடம், பறவை, எண்ணிக்கை எழுதுங்கள். மூத்தவர்கள் சொல்லும் ஊர்ப் பெயரையே முதலில் எழுதுங்கள்.

5. பழகிய பாதையை விட்டு விலக வேண்டாம். நாட்டில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்குள் போகாதீர்கள். அறியாத பொருளைத் தொடாமல், கிராம சேவையாளருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். காட்டோரங்களில் யானையைப் பற்றியும் விசாரித்துக்கொண்டு போங்கள்.

சொந்த ஊருக்கு இன்னும் திரும்பாதவர்கள், இருக்கும் இடத்துக் குளத்திலேயே தொடங்கலாம். ஊர்க் குளத்தில் எந்தப் பறவை எங்கே இறங்கும் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதைப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். திரும்பும் நாளில் அந்தக் கொப்பியையும் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எங்களோடு நடந்த பெரியவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவர் சொன்னவற்றைப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி எழுதினாள். அன்று அவள் கொப்பியில் இருபத்தாறு பெயர்கள் சேர்ந்தன. அடுத்த மாரிக்கும் அவர்கள் இருவரையும் அதே துருசடிக்கு வரச்சொல்லியிருக்கிறோம்.