பருந்தும் கோழிக்குஞ்சும்

முட்டை விற்றுப் பிள்ளைகட்குப் புத்தகம் வாங்கும் ஏழைத் தாய்க்கு ஒரு குஞ்சின் இழப்பும் சிறிதன்று. முற்றத்தில் மேயும் குஞ்சுகட்குப் பகை இரண்டு. பருந்து வானில் வட்டமிட்டு இறங்கிக் கவரும்; வல்லூறோ மரக்கிளையில் மறைந்திருந்து பாயும்.

பகையை வானிற் கண்டதும் தாய்க்கோழி தனிக்குரல் எழுப்ப, குஞ்சுகள் ஓடி ஒளியும். ஒளிதற்கு இடமின்றேல் அக்குரலாற் பயன் யாது? ஆதலின் தாழ்ந்த புதர்களும் ஓலைப்பந்தலும் முற்றத்தில் ஆங்காங்கே இருத்தல் வேண்டும். இறகு முளைத்து விரைந்தோடப் பழகுங்காறும் குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் மூடி வைத்தல் நலம். மீன்குடலையும் செத்த எலியையும் வெளியே எறிதல் பருந்தை விருந்துக்கழைப்பதாகும்.

கல்லும் நஞ்சும் வேண்டா. எலிகளை உண்டு நமக்குதவும் இப்பறவைகளைக் கொல்லுதல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாம். ஒரு பருந்து மடியின் மற்றொன்று வரும். ஒரு புதர் வளரின் பல குஞ்சுகள் பிழைக்கும்.