எழுதிய வட்டு பிற டிரைவ்களில் படிக்கப்படாமை: காரணங்களும் தீர்வுகளும்

ஒரு கணினியில் எழுதப்பட்ட குறுந்தகடு (சிடி) அல்லது டிவிடி, அதே கணினியில் நன்றாகத் திறந்தும் வேறொரு கணினியிலோ வீட்டு பிளேயரிலோ திறக்காமல் போவது பலரும் சந்திக்கும் சிக்கலாகும். வட்டு வெறுமையாகத் தோன்றலாம். கோப்புகளின் பெயர் தெரிந்தும் அவை திறக்காமல் இருக்கலாம். பெயர்கள் மட்டும் சிதைந்து காணப்படலாம். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. திருமணக் காணொளி, கல்லூரி ஆய்வேடு போன்றவற்றின் ஒரே பிரதி அந்த வட்டில் இருக்குமானால், காரணத்தை அறியும் முன் வட்டைத் தூக்கி எறிவது பெரிய இழப்பாகிவிடும். பெரும்பாலான நேரங்களில் தகவல் அழிந்திருப்பதில்லை. மற்ற டிரைவுக்கு அது எட்டவில்லை, அவ்வளவே.

அச்சிட்ட வட்டும் எழுதிய வட்டும்

கடைகளில் விற்கும் பாடல், திரைப்பட வட்டுகள் தொழிற்சாலையில் அச்சில் அழுத்தி உருவாக்கப்படுபவை. அவற்றில் தகவல், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் நுண்ணிய குழிகளாகப் பதிந்திருக்கும். நாம் எழுதும் சிடி-ஆர் வட்டில் இத்தகைய குழிகள் இல்லை. ஒரு சாயப் படலம் இருக்கிறது. எழுதும் லேசர் அச்சாயத்தைச் சூடாக்கி, ஒளியைக் குறைவாக எதிரொளிக்கும் புள்ளிகளை உண்டாக்குகிறது. படிக்கும் டிரைவ், புள்ளிக்கும் இடைவெளிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டைக் கொண்டே தகவலை அறிகிறது.

அழித்து மீண்டும் எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ வட்டில் சாயத்துக்குப் பதிலாக ஓர் உலோகக் கலவை உள்ளது. அச்சிட்ட சிடி ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் ஒளியைத் திருப்பி அனுப்பும். சிடி-ஆர் அதற்கு அருகில் வரும். சிடி-ஆர்டபிள்யூ அனுப்புவதோ 15 முதல் 25 விழுக்காடு மட்டுமே. இந்த மங்கிய ஒளியைப் பழைய சிடி பிளேயர்கள் பலவற்றால் உணர முடியாது. அவற்றுக்குக் கொடுக்கும் வட்டு சிடி-ஆர் ஆக இருப்பதே நல்லது.

முக்கியக் காரணங்கள்

*1. அமர்வு மூடப்படாமை.* வட்டில் ஒரே மூச்சில் எழுதும் பணி ஓர் அமர்வு (செஷன்) எனப்படும். அமர்வை மூடும்போதுதான் அதன் தொடக்கப் பகுதியில் உள்ளடக்கப் பட்டியல் எழுதப்படும். ஒரு நூலின் பக்கங்களை எல்லாம் அச்சிட்டுவிட்டு, பொருளடக்கத்தை மட்டும் ஒட்டாமல் விட்டதற்கு இதை ஒப்பிடலாம். எழுதும் வசதியுள்ள டிரைவ் தற்காலிகக் குறிப்பைக் கொண்டு வட்டைப் படித்துவிடும். படிக்க மட்டுமே தெரிந்த டிரைவுக்கு அந்த வட்டு வெறுமையாகவே தெரியும்.

*2. பல அமர்வுகள்.* ஒரே வட்டில் வெவ்வேறு நாள்களில் கோப்புகளைச் சேர்க்கலாம். புதிய அமர்வை எழுதும்போது பழைய அமர்வின் பட்டியலையும் இணைத்துக்கொள்ளாவிட்டால், கடைசியாக எழுதியவை மட்டுமே கண்ணில் படும். பழைய பிளேயர்கள் சில முதல் அமர்வை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடும்.

*3. கோப்பு முறைமை.* ஐஎஸ்ஓ 9660 என்பது பெரும்பாலான கணினிகள் அறிந்த பழைய முறை. அதன் முதல் நிலையில் கோப்பின் பெயர் 8 எழுத்துகளுக்கும் வகைப்பெயர் 3 எழுத்துகளுக்கும் மேற்படக் கூடாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவை மட்டுமே அதில் இடம்பெறும். எனவே தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு ஜோலியெட் என்னும் நீட்டிப்போ யூடிஎஃப் முறையோ தேவை. இவற்றை அறியாத கருவியில் பெயர் சிதையும், அல்லது கோப்பே தெரியாது. விண்டோஸ் 7 போன்ற பதிப்புகள் வெற்று வட்டைச் செருகியதும் இரண்டு தெரிவுகளைத் தருகின்றன. யூஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தும் தெரிவு யூடிஎஃப் முறையில் எழுதும். பிறரிடம் கொடுக்கும் வட்டுக்கு, சிடி/டிவிடி பிளேயருக்கு உரிய தெரிவே பாதுகாப்பானது.

*4. வட்டு வகையும் உள்ளடக்கமும்.* சிடி டிரைவ் 780 நானோமீட்டர் அலைநீள லேசரையும், டிவிடி டிரைவ் 650 நானோமீட்டர் லேசரையும் பயன்படுத்துகின்றன. எனவே சிடி மட்டும் படிக்கும் டிரைவ் டிவிடியை ஒருபோதும் படிக்காது. பழைய டிவிடி பிளேயர்களில் சில டிவிடி-ஆர் வட்டை ஏற்றும் டிவிடி பிளஸ் ஆர் வட்டை மறுக்கும். மேலும், எம்பி3 கோப்புகளைத் தகவல் வட்டாக எழுதினால், ஆடியோ சிடியை மட்டும் அறிந்த பிளேயர் அதை இசைக்காது. இங்கே பழுது வட்டிலும் இல்லை, பிளேயரிலும் இல்லை. எழுதிய வடிவமே பொருந்தவில்லை.

*5. எழுத்தின் தரமும் சேதமும்.* தரம் குறைந்த வட்டு, பொருந்தாத எழுதும் வேகம், தூசி படிந்த லேசர் வில்லை ஆகியவற்றால் புள்ளிகள் தெளிவின்றி அமையும். எழுதிய டிரைவ் அதைச் சமாளித்துவிடலாம். மற்றொன்றால் முடியாமல் போகலாம். தகவல் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி எழுதப்படுவதால், கடைசிக் கோப்புகள் மட்டும் திறக்காவிட்டால் வெளி விளிம்பை உற்றுப் பார்க்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்று அறிதல்

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதிப்பதே ஆய்வுக்கூட முறை. அதையே இங்கும் பின்பற்றலாம்.

- படிக்க மறுக்கும் டிரைவில் அதே வகையைச் சேர்ந்த அச்சிட்ட வட்டு ஒன்றைப் போடுங்கள். அதுவும் திறக்காவிட்டால் பழுது டிரைவில் இருக்கலாம். சிடிக்கும் டிவிடிக்கும் லேசர் வேறு என்பதால், சிடி திறந்தது என்பதைக் கொண்டு டிவிடியும் திறக்கும் என முடிவு செய்யக் கூடாது.
- அச்சிட்ட வட்டு திறந்தால், வேறு கணினியில் எழுதிய ஒரு வட்டைப் போடுங்கள். அது திறந்தால் ஐயம் உங்கள் வட்டின்மீது திரும்புகிறது.
- உங்கள் வட்டை மூன்றாவது டிரைவ் ஒன்றில் போடுங்கள். அங்கே திறந்தால் தகவல் நலமாக உள்ளது. இரண்டாம் டிரைவின் திறன்தான் குறைவு.

மீட்கும் வழி

முதல் வேலை, எழுதிய டிரைவிலேயே வட்டைப் போட்டு எல்லாக் கோப்புகளையும் வன்வட்டுக்கு நகலெடுப்பது. மற்ற முயற்சிகள் எல்லாம் அதற்குப் பிறகே. வட்டு வெறுமையாகத் தெரிந்த சிக்கல் எனில், எழுதும் மென்பொருளில் அமர்வை மூடும் கட்டளையைக் கொடுத்து மீண்டும் சோதிக்கலாம்.

வட்டு அழுக்காக இருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தடத்தை ஒட்டி நீளமாக விழும் கீறல், குறுக்கே விழும் கீறலைவிடத் தொடர்ச்சியாக அதிகத் தகவலை மறைத்துவிடும். சில பகுதிகள் மட்டும் படிக்கப்படாவிட்டால், லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள், படிக்க முடிந்தவற்றை முதலில் எடுத்துவிட்டு விடுபட்ட பகுதிகளை மீண்டும் மீண்டும் முயலும்.

முன்னெச்சரிக்கைகள்

- பிறருக்குக் கொடுக்கும் வட்டை ஒரே அமர்வில் எழுதி, மூடிவிடுங்கள்.
- வட்டும் டிரைவும் பரிந்துரைக்கும் வேகங்களில் நடுத்தரமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
- சிடியின் பெயரெழுதும் பக்கத்தில் பந்துமுனைப் பேனாவைப் பயன்படுத்தாதீர்கள். சாயமும் எதிரொளிப்புப் படலமும் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு உடனடியாகக் கீழே உள்ளன. வட்டுகளுக்கென விற்கும் மென்முனைப் பேனா போதும்.
- வெயில் படும் சன்னலோரத்திலும் வண்டிக்குள்ளும் வட்டை வைக்காதீர்கள். வெப்பமும் ஒளியும் சாயத்தைக் கெடுக்கும்.

எழுதி முடித்ததும் மென்பொருள் செய்யும் சரிபார்ப்பு பயனுள்ளதே. ஆனால் அது எழுதிய டிரைவே தன் எழுத்தைப் படித்துப் பார்ப்பது. மாணவர் தம் விடைத்தாளைத் தாமே திருத்துவதைப் போன்றது. வேறொரு டிரைவில் போட்டு, முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் திறந்து பார்க்கும்வரை மூலக் கோப்புகளை அழிக்கக் கூடாது. புதிய மடிக்கணினிகள் பெரும்பாலும் வட்டு டிரைவ் இல்லாமலே வருகின்றன. வீட்டில் பழைய வட்டுகள் வைத்திருப்போர், அவற்றை எழுதிய கணினி இன்னும் இயங்குகிறது என்றால், அதன் வழியாகவே இப்போதே நகலெடுத்து வைப்பது நல்லது.