மருந்துச் சீட்டில் வராத பயிற்சி

“இதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை” என்று கண் மருத்துவர் சொல்லும்போது, அது பெரும்பாலும் உண்மைதான். கிளாக்கோமாவில் பட்டுப்போன பார்வை நரம்பை உயிர்ப்பிக்க இன்றைக்கு மருந்து கிடையாது. விழித்திரைச் செல்கள் பரம்பரையாகத் தேய்ந்துகொண்டே போகும் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கும் அதே நிலைதான். ஆனால் கண்ணுக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்பதை, அந்த ஆளுக்கே செய்ய ஒன்றும் இல்லை என்று வீட்டார் புரிந்துகொண்டுவிடுகிறார்கள். மருத்துவரும் பல நேரம் திருத்துவதில்லை. கால் எலும்பு முறிந்து கட்டுப் பிரித்தவரைப் பிசியோதெரபிக்கு அனுப்பாமல் விடுவோமா? பார்வையிழந்தவரை மட்டும் சொட்டு மருந்தோடும் சான்றிதழோடும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அவருக்கு எழுதித் தர வேண்டிய அடுத்த சிகிச்சை ஒன்று இருக்கிறது. கண் தெரியாமலும் இருக்கும் இடத்தை அறிந்து, போக வேண்டிய இடத்துக்குப் பத்திரமாகத் தனியே போய்வரும் பயிற்சி அது. பயிற்றுநர்கள் ‘மொபிலிட்டி’ என்பார்கள். வீட்டுக்குள் நடமாடுவதில் தொடங்கி, தெருமுனைக் கடை, சாலை கடப்பது, பஸ், ரயில் என்று படிப்படியாகப் போகும் பயிற்சி இது.

எல்லாம் ஒரே இருட்டு அல்ல

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: இழந்தது உண்மையிலேயே திரும்பாத பார்வைதானா? 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையின்மைக்கு மூன்றில் இரண்டு பங்கு காரணம் கண்புரைதான் என்று தெரியவந்தது. அறுவை சிகிச்சையில் சரியாகிவிடக்கூடியது அது. “வயசாச்சு, அப்படித்தான்” என்று திண்ணையில் உட்கார வைத்திருக்கும் தாத்தாவுக்கு வெள்ளைக் கோல் தேவைப்படாமலே போகலாம்.

திரும்பாத பார்வையிலும் பல விதம் உண்டு. கிளாக்கோமா பக்கவாட்டுப் பார்வையை முதலில் தின்னும். மாலைக்கண்ணில் தொடங்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில், பார்வை வருடக்கணக்கில் சுருங்கிச் சுருங்கி ஒரு குழாய் வழியே பார்ப்பது போலாகிவிடும். இப்படிப்பட்டவருக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியும், காலடியில் படுத்திருக்கும் நாய் தெரியாது. வயதால் விழித்திரையின் நடுப்புள்ளி கெட்டவருக்கோ நேர்மாறு. இடித்துக்கொள்ளாமல் தெருவில் நடந்துவிடுவார், பஸ்ஸின் போர்டைப் படிக்க முடியாது, தெரிந்தவர் சிரித்தாலும் அடையாளம் தெரியாது. ‘பார்த்தும் பார்க்காத மாதிரி போறாரு’ என்ற பழி வேறு வந்து சேரும். சர்க்கரை நோயால் கெட்ட கண்ணில் பார்வை திட்டுத்திட்டாகப் போகும். நேற்றுத் தெரிந்த அளவு இன்று தெரியாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 3/60க்குக் கீழே இருந்தால் பார்வையின்மை. எழுத்துகளைத் தெளிவாகப் படிக்க முடிந்தாலும், பார்வைப் புலம் பத்து டிகிரிக்குக் கீழே குறுகியிருந்தால் அதுவும் பார்வையின்மையே. சட்டம் புரிந்துகொண்டதை பஸ்ஸில் வருபவர்கள் புரிந்துகொள்வதில்லை. கோலோடு ஏறி உட்கார்ந்தவர் பையிலிருந்து செல்போனை எடுத்துப் படித்தால் “நல்லாத்தானே தெரியுது, நடிக்கிறார்” என்று முணுமுணுப்பு எழும். இதற்குப் பயந்தே குறைபார்வை உள்ள எத்தனையோ இளைஞர்கள் மடக்குக் கோலைப் பையிலேயே வைத்திருந்து, தெருவிளக்கு இல்லாத இடத்தில் மட்டும் எடுக்கிறார்கள். சிலர் எடுப்பதே இல்லை, சாக்கடையில் விழுகிறார்கள். பகலில் கோல் இல்லாமலும் இருட்டியபின் கோலோடும் நடப்பதில் எந்தப் பொய்யும் கிடையாது.

கோல் எப்படி வேலை செய்கிறது

கோலுக்கு வெள்ளை நிறம் பூசும் வழக்கம் முதல் உலகப்போருக்குப் பிந்தியது. மற்றவர்கள் பார்த்து ஒதுங்கட்டும் என்பதுதான் அப்போதைய நோக்கம். அதை வழி சொல்லும் கருவியாக மாற்றியவர் ரிச்சர்ட் ஹூவர். இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்து வந்த வீரர்களுக்காக, அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் 1944 வாக்கில் அவர் நீளக் கோலையும் அதை வீசும் முறையையும் உருவாக்கினார். போருக்கு முன் பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியர். போருக்குப் பின் மருத்துவம் படித்துக் கண் மருத்துவரானார். சிகிச்சையும் பயிற்சியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது அபூர்வம்தான்.

ஊன்றுகோல் வேறு, இது வேறு. வெள்ளைக் கோலில் எடையைச் சாய்க்கக் கூடாது. தரையில் நிறுத்தினால் ஏறக்குறைய நெஞ்செலும்பு உயரத்துக்கு வர வேண்டும். வேகமாக நடப்பவருக்கு இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கலாம். இலவசமாகக் கிடைத்தது என்று யாருக்கோ அளவெடுத்த கோலை வைத்துக்கொண்டு குனிந்தபடி நடப்பவர்களைப் பார்க்க முடிகிறது. முதுகுவலிதான் மிச்சம்.

கையை உடம்பின் நடுவே வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து, தோளகலத்தைவிடச் சற்றே அகலமாக இடமும் வலமும் கோலை வீச வேண்டும். வலது கால் முன்னே போகும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொடும். அதாவது அடுத்து இடது கால் பதியப்போகும் இடத்தை முன்கூட்டியே சோதித்துவிடும். ஒரே ஒரு அடிக்குத்தான் முன்னறிவிப்பு கிடைக்கிறது. அந்த ஓர் அடி போதும், நிற்பதற்கு. கேட்க எளிது. கால் ஒரு தாளத்திலும் கை ஒரு தாளத்திலும் போகாமல் ஒத்துவரப் பல வாரங்கள் ஆகும்.

நம் ஊர் நடைபாதைகளில் தட்டித்தட்டி நடப்பதைவிட, நுனியைத் தரையிலிருந்து எடுக்காமல் இழுத்தபடி நடப்பது நல்லது. திறந்த சாக்கடை, பெயர்ந்த சிலாப் போன்ற பள்ளங்களை இந்த முறை தவறவிடுவது குறைவு. பென்சில் போன்ற மெல்லிய நுனி கல்லிடுக்கில் மாட்டிக்கொள்ளும். உருளும் குண்டு நுனி வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

கோலால் கண்டுபிடிக்க முடியாத ஒன்று உண்டு: இடுப்புக்கு மேலே நிற்கும் தடைகள். லாரியின் பின்பலகை, திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, தாழ்ந்த வேப்பங்கிளை, மின்கம்பத்தைச் சாய்வாக இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி. இவற்றின் அடியில் கோல் போய்விடும், அடி முகத்தில் விழும். சந்தேகமான இடத்தில் முழங்கையை மடக்கி, உள்ளங்கை வெளியே பார்க்க, முகத்துக்கு முன்னே கையை வைத்துக்கொள்வது பயிற்சியில் ஒரு பாடம். முன்விளிம்பு நீண்ட தொப்பியும் உதவும். டெல்லி ஐஐடியில் உருவாகி 2014இல் வெளிவந்த ‘ஸ்மார்ட்கேன்’ கருவி, செவிக்கெட்டாத ஒலியலையை அனுப்பி, மூன்று மீட்டர் தூரம் வரை உள்ள தடையைக் கைப்பிடி அதிர்வால் சொல்கிறது. சென்னையைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுதான் அதைத் தயாரித்தது. ஆனால் சாதாரணக் கோலைப் பழகாமல் நேரே இதற்குத் தாவுவதில் பயனில்லை.

காதும் பாதமும்

டீக்கடை பாய்லர், மாவு மில்லின் சத்தம், பூக்கடை வாசம், சரிவாக இறங்கும் தார்ச்சாலை, காலை நேரத்தில் வலக் கன்னத்தில் படும் வெயில். இவை எல்லாமே அடையாளங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவு நம்பக் கூடாது. டீக்கடை மதியம் மூடியிருக்கும். சரிவு எப்போதும் அங்கேயே இருக்கும். மாறாதவற்றை முதுகெலும்பாக வைத்து, மாறுவனவற்றைக் கூடுதல் சாட்சியாக வைத்துக்கொள்ளப் பழக்குவார்கள்.

சாலை கடப்பது முழுக்கக் காதின் வேலை. தனக்கு இணையாக ஓடும் வண்டிகளின் சத்தம் எது, குறுக்கே ஓடுவது எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். இணையாக நின்ற வண்டிகள் கிளம்பும் உறுமல்தான் சிக்னல். நம் ஊரில் அதையும் முழுதாக நம்ப முடியாது. எதிர்த்திசையில் ஒரு பைக் எப்போதும் வரும். பெரிய சந்திப்புகளில் உதவி கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சத்தமில்லாமல் வரும் மின்சார ஸ்கூட்டர்கள் புதிய தலைவலி. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய மின்கார் வகைகளுக்கு எச்சரிக்கை ஒலியைக் கட்டாயமாக்கியது இதனால்தான். மழையும் அப்படித்தான். தார்ப்பாயில் கொட்டும் மழை எல்லா ஒலியையும் அழித்துவிடும். பழகியவர்கள்கூட மழை விடும்வரை ஒதுங்கி நிற்பார்கள்.

சர்க்கரை நோயால் பார்வை இழந்தவர்கள் பாதத்தைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். கண்ணைக் கெடுத்த சர்க்கரை, கால் நரம்பையும் பெரும்பாலும் மரத்துப்போக வைத்திருக்கும். தரை மாறுவது உள்ளங்காலில் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. ரப்பர் செருப்பை விட்டுவிட்டு முன்மூடிய காலணி போட வேண்டும். வெளியே போய்வந்ததும் பாதத்தைக் கண் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். இன்னொன்று: நடைதான் இவர்களுக்கு மருந்து. விழுந்துவிடுவார் என்று நாற்காலியில் உட்கார வைத்தால் சர்க்கரை ஏறும், அது மிச்சப் பார்வையையும் வாங்கும்.

மஞ்சள் ஓடும், பஸ் ஸ்டாப்பும்

மெட்ரோ நிலையங்களில் மேடும் கோடுமாக மஞ்சள் ஓடுகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் செய்ச்சி மியாகே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரின் பார்வையற்றோர் பள்ளி அருகே முதலில் பதித்தவை. நீளக் கோடுகள் என்றால் போகலாம், புள்ளிகள் என்றால் நில். மஞ்சளாக இருப்பது குறைபார்வைக்காரர் கண்ணில் படத்தான். அழகுக்காகத் தரையின் சாம்பல் நிறத்திலேயே அதைப் பதிக்கும் கட்டடக் கலைஞர்களை என்ன செய்வது! மரத்தில் போய் முட்டி முடியும் ஓட்டுப் பாதைகளும், அதன்மேல் வரிசையாக நிறுத்திய பைக்குகளும் நமக்குப் புதிதல்ல.

பஸ் ஸ்டாப்பில் ஒரு சின்ன உத்தி. “இது பல்லாவரம் போகுமா?” என்று கேட்டால், பதில் தலையாட்டலாக வரும். அது கண் தெரியாதவருக்குப் போய்ச் சேராது. “இது எந்த பஸ்?” என்று கேட்டால் வாய் திறந்துதான் ஆக வேண்டும். வழி கேட்கும்போதும் அப்படியே. ‘அந்தப் பக்கம்’ என்று கைகாட்டுபவரிடம் “எனக்கு இடமா, வலமா?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். செல்போனின் திரைவாசிப்பான் எழுத்தைப் படித்துச் சொல்லும், வரைபடச் செயலி தெருப்பெயர் சொல்லும். ஆனால் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டினால் சாலையின் சத்தம் போய்விடும். ஒரு காது எப்போதும் தெருவுக்கே.

கைகொடுக்க வருபவர்களுக்கு

கோலையோ கையையோ பிடித்து இழுக்காதீர்கள். “உதவட்டுமா?” என்று முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னே நடந்தால், நீங்கள் திரும்புவதும் ஏறுவதும் உங்கள் கை வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். குறுகலான இடத்தில் உங்கள் கையை முதுகுக்குப் பின்னே கொண்டுபோனால் அவர் பின்னால் வந்துவிடுவார். படிக்கு முன் ஒரு கணம் நின்று, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லுங்கள். நாற்காலியில் பிடித்து உட்கார வைக்க வேண்டாம். அதன் முதுகுப்பலகையில் அவர் கையை வைத்தால் போதும். விலகிப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். காற்றோடு பேச வைப்பதைப்போல் ஒரு அவமானம் இல்லை. விமான நிலையத்தில் நன்றாக நடக்கிறவரைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று வற்புறுத்துவதும் அதே கணக்கில்தான் சேரும்.

வீட்டுப் பயம்

பயிற்சியைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் கற்றுக்கொள்பவர் அல்ல, அவருடைய அம்மாவோ மனைவியோ மகனோதான். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. நம் சாலைகள் அப்படி. ஆனால் “துணைக்கு ஆள் வரட்டும், இரு” என்ற சொல்லைத் தினமும் கேட்பவருக்கு வேலை போகிறது, நண்பர்கள் போகிறார்கள், கடைசியில் பேச்சே குறைந்துவிடுகிறது. பயிற்றுநர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் பக்கத்தில் நடப்பார்கள், பிறகு சில அடி பின்னே, பிறகு தெருவின் மறுபக்கம். வீட்டாரையும் ஒருநாள் அப்படிக் கூட்டிப் போய், தூரத்தில் நின்று வாய் திறக்காமல் பார்க்கச் சொல்லலாம். வாய் திறக்காமல் இருப்பதுதான் சிரமம்.

வீட்டுக்குள்ளும் சிலது மாற வேண்டும். கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இல்லையேல் முழுதாக மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்புதான் நெற்றியைப் பிளக்கும். நாற்காலியை நகர்த்தினால் சொல்லுங்கள். கொஞ்சம் பார்வை இருப்பவருக்குப் படி விளிம்பில் பளிச்சென்ற நாடா ஒட்டினால் போதும்.

எங்கே கேட்பது

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பூந்தமல்லியில் தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது “மொபிலிட்டி பயிற்சிக்கு எழுதித் தாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் வராது.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளும் உடன் வருபவரும் கட்டணமின்றிப் போகலாம். ரயிலில் பார்வையை முற்றிலும் இழந்தவர்களுக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் 75 விழுக்காடு சலுகை இருக்கிறது. உடன் ஒருவர் வந்தால் அவருக்கும் அதே சலுகைதான். துணையோடு வந்தால்தான் டிக்கெட் என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். தனியாகப் போகும் பார்வையற்றவருக்கும் இந்தச் சலுகை உண்டென்று ரயில்வே விதியிலேயே இருக்கிறது.