அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் – 11: அணியில் இடம் கிடைக்காத பிள்ளை

டெக்சாஸில், டாலஸ் நகருக்கு வடக்கே ஆலன் என்றோர் ஊர். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்காக 2012-ல் ஒரு ஸ்டேடியம் திறந்தார்கள். 18,000 இருக்கைகள், செலவு 6 கோடி டாலர். ஊர் மக்களே வாக்களித்து, வரிப்பணத்தை நம்பிக் கடன்பத்திரம் போட்டுக் கட்டிக்கொண்டது. இரண்டு ஆண்டுக்குள் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூட வேண்டிவந்தது. ஊர் சளைக்கவில்லை, பழுது பார்த்து 2015-ல் திரும்பத் திறந்தார்கள்.

இதே டெக்சாஸில், உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளில் ஒரு மாணவர் கட்டாயம் படிக்க வேண்டிய உடற்கல்வி ஓராண்டுக்கான ஒரே ஒரு கிரெடிட்தான். 2009 வரை ஒன்றரையாக இருந்தது; அதையும் குறைத்தார்கள். பள்ளி அணியில் ஆடினாலோ, பேண்டு வாத்தியக் குழுவோடு அணிவகுத்தாலோ, சியர்லீடராக இருந்தாலோ அந்த ஒன்றும் கழிந்துவிடும். டெக்சாஸ் மட்டுமல்ல, இப்படிப்பட்ட விலக்குகள் பல மாநிலங்களில் உண்டு.

ஜெர்மனியில் ஒரு பையன் பந்தாட வேண்டுமென்றால் ஊர் கிளப்பில் சேருவான். அமெரிக்காவில் பள்ளிக்கூடமே கிளப். பயிற்சியாளர் பெரும்பாலும் அதே பள்ளியின் ஆசிரியர். அதனால்தான் பள்ளியின் வெற்றி ஊரின் வெற்றியாகிறது. இண்டியானா மாநிலத்தின் மைலன் என்ற சிற்றூரை அங்கே கூடைப்பந்து அறிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மொத்தமே 161 மாணவர்கள் படித்த பள்ளி. 1954 மாநில இறுதிப் போட்டியில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை 32-30 என்று வென்றது. கடைசி நொடிகளில் பாபி பிளம்ப் போட்ட கூடையை எழுபது ஆண்டு கழித்தும் பேசுகிறார்கள்.

அந்தக் கதையில் என்னை நிறுத்துவது வேறு கணக்கு. கூடைப்பந்தில் களத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர். 161 பேர் படிக்கும் பள்ளிக்கும் ஐந்துதான். ஏறக்குறைய 5,000 பேர் படிக்கும் ஆலன் பள்ளிக்கும் ஐந்துதான். பள்ளி பெருத்தால் அணி பெருப்பதில்லை. ஆண்டுத் தொடக்கத் தேர்வில் பெயர் விடுபட்ட பிள்ளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் கேலரியில் உட்கார்ந்து கை தட்டலாம். மற்ற நாட்களில் அவனுக்கு மிச்சமிருப்பது பி.டி. பீரியட் ஒன்றுதான். அதுவும் தேய்ந்துகொண்டே வந்தது. வாரத்தின் ஐந்து நாளும் உடற்கல்வி வகுப்புக்குப் போனவர்கள் 1991-ல் நூற்றுக்கு 42 பேர். 2019-ல் 26 பேர். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமே கேட்டு எடுத்த கணக்கு இது.

அணிகளின் பக்கம் நடந்த நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். 1971-72-ல் பள்ளி அணிகளில் ஆடிய மாணவிகள் 2 லட்சத்து 94 ஆயிரம். மாணவர்களோ 36 லட்சத்துக்கும் மேல். 1972 ஜூனில் ‘டைட்டில் 9’ சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்விக்கூடம் பாலினம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று சொன்ன அந்தச் சட்டத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் மைதானத்தைத்தான் அது அதிகம் மாற்றியது. இன்று மாணவிகள் கணக்கு 34 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு விளையாட்டு ஆடும் பெண் இரண்டு முறை எண்ணப்படுகிறாள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரும் சாதனை. சட்டம் நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றியும் அந்த நாடு ஒருமுறை கவலைப்பட்டது. ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரும் பானி ப்ரூடன் என்ற உடற்பயிற்சி ஆசிரியையும் ஆறு எளிய அசைவுகளை வைத்துப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் தவறினார்கள். ஐரோப்பாவில் பத்தில் ஒருவர்கூட இல்லை. 1955-ல் அறிக்கை ஐசன்ஹோவர் கைக்குப் போனது. மறு ஆண்டே ஜனாதிபதியின் பெயரில் குழு அமைத்தார்கள். அதிலிருந்து பிறந்த தேர்வைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் எழுதினார்கள், வியர்வையால். கம்பியில் தொங்கி ஒருமுறைகூட உடம்பை மேலே இழுக்க முடியாத பிள்ளை, வகுப்பே பார்க்க இறங்கி வருவான். அவனுக்கு அந்த வகுப்பு கற்றுக்கொடுத்தது உடற்பயிற்சி மேல் வெறுப்பைத்தான்.

இதை மாற்றிக் காட்டியவர் இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில் ஊரின் உடற்கல்வி ஆசிரியர் ஃபில் லாலர். ஓட்டத்தின்போது ஓர் ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டிவிட்டார். விளையாட்டில் பெயர் எடுக்காத பெண். அவளுடைய சராசரித் துடிப்பு நிமிடத்துக்கு 187. முழு மூச்சோடு ஓடியிருக்கிறாள்! கடிகாரத்தை மட்டும் பார்த்த ஆசிரியருக்கு அவள் சோம்பேறியாகத் தெரிந்திருப்பாள். அதன்பின் மதிப்பெண் வேகத்துக்கு இல்லை, முயற்சிக்கு என்று ஆனது. அந்த ஊர் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 1999-ல் நடந்த சர்வதேச அறிவியல் தேர்வில் சிங்கப்பூரையும் முந்தினார்கள். நேப்பர்வில் வசதியான ஊர். எல்லாப் புகழையும் ஓட்டத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் தினமும் உடற்கல்வி வகுப்புக்குப் போனதால் படிப்பு கெட்டுவிடவில்லை என்பது உறுதி. அப்படியிருந்தும், தினசரி உடற்கல்வியைச் சட்டமாக வைத்திருந்த இல்லினாய், 2017-ல் அதை வாரம் மூன்று நாளாகச் சுருக்க அனுமதித்துவிட்டது.

2012-13-ல் கைவிட்ட ஜனாதிபதி உடற்தகுதித் தேர்வை மீட்டுக் கொண்டுவர 2025 ஜூலையில் ஆணை பிறந்தது. தேர்வு திரும்பினால் வகுப்பு திரும்பிவிடாது. நாற்பது நிமிடமும் ஓர் ஆசிரியரும் இல்லாத பள்ளியில் அது மீண்டும் பலவீனமான பிள்ளையைக் காட்டிக்கொடுக்கத்தான் உதவும்.

அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இன்னொரு பாடத்துக்கு இடம் வேண்டுமென்று உடற்கல்வியைக் கோடை விடுமுறையில் ஆன்லைனில் முடித்துவிடும் வழி பல பள்ளிகளில் இருக்கிறது. உங்கள் பிள்ளை எந்த அணியிலும் இல்லையென்றால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போங்கள்; ஸ்டேடியத்துக்கு எத்தனை டாலர் என்ற கேள்வி வரும்போது, பி.டி. பீரியடுக்கு வாரம் எத்தனை நிமிடம் என்று எழுந்து கேளுங்கள்.

(தொடரும்)