ஓசை கூறிய செய்தி

மணமேல்குடிக் கடற்கரைச் சாலையில் நெல்லும் நூலும் ஏற்றிச் செல்ல நாம் வாங்கிய பழைய பிக்கப் வண்டி, வேகத்தடை ஏறுந்தோறும் பின்புறத்தில் 'டக்'கென ஒலித்தது. ஷாக் அப்சார்பரை மாற்றினோம். பணம் போயிற்று, ஓசை போகவில்லை.

பின்னர் நிதானமாக ஆராய்ந்தோம். சுமை ஏற்றினால் ஒலி அடங்கிற்று. வெற்று வண்டியிலேயே எழுந்தது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்பிரிங் பட்டையின் முனையைக் கடப்பாரையால் நெம்பினோம். ஷாக்கிள் புஷ் தேய்ந்து ஆடியது. உப்புக்காற்றில் துருவேறிய யு-போல்ட்டுகளும் தளர்ந்திருந்தன. அவற்றை அவ்வாறே விட்டிருந்தால், பட்டைகளைப் பிணைக்கும் நடு போல்ட் முறிந்து அச்சே இடம்பெயரக்கூடும். ஓட்டுநர் உயிருக்கே கேடு.

ஆதலின் அங்கத்தினர்களே, முதலில் பழுதைக் கண்டறியுங்கள். பிறகே பாகம் வாங்குங்கள். சங்கப் பணம் நம் அனைவரின் உழைப்பன்றோ!