டிஜிட்டல் காமிராவும் நம் கல்வெட்டுகளும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், நான் வழக்கம்போலச் சிந்தாமணி பற்றியோ சூளாமணி பற்றியோ எழுதிக் கொடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை ஒரு கருவியைப் பற்றி எழுதுகிறேன். பெங்களூர் அவென்யூ ரோட்டில் காகிதமும் கணக்குப் புத்தகமும் விற்கிற வியாபாரிக்குக் காமிரா பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். அதில் பட்டு நொந்தவன் என்பதுதான் தகுதி.

எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். ஊருக்கு வெளியே ஒரு சின்னக் குன்று. அதன் சரிவில் பாறை மேல் பன்னிரண்டு வரி கல்வெட்டு இருந்தது. சிறு வயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டுவார். அவருக்கும் படிக்கத் தெரியாது. "நம்ம பெரியவங்க எழுதினது" என்பார், அவ்வளவுதான். 2006-ல் நான் முதல் டிஜிட்டல் காமிரா வாங்கினேன். அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது உச்சி வெயிலில் குன்றேறி, ஆட்டோவில் வைத்து, ஃப்ளாஷ் அடித்து, பதினாலு படம் எடுத்து வந்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு.

2009-ல் மறுபடி போனேன். குன்றில் பாதி இல்லை. கல் உடைத்து லாரியில் போய்விட்டது. ஓடோடி வந்து பழைய படங்களைக் கல்வெட்டு அறிந்த ஒருவரிடம் காட்டினேன். வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் வரியில் "ஸ்வஸ்திஸ்ரீ" என்பது தெரிந்தது. நடுவில் "பள்ளி" என்று ஒரு சொல். மற்றதெல்லாம் வெளிறிப்போன கல். கொடுத்தவர் யார், வாங்கிய பள்ளி எது, நிலம் எவ்வளவு என்ற விவரமெல்லாம் பாறையோடு போயிற்று.

காமிரா மேல் குற்றமில்லை. அதற்கு எழுத்து தெரியாது. தெரிந்த நான் அதற்குச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் கையேட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததும் பட்டதும் கீழே.

ஆட்டோ என்பது என்ன?

1975-ல் அமெரிக்காவில் கோடக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். நூற்றுக்கு நூறு, அதாவது பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். ஒரு படத்தைக் கேசட் டேப்பில் பதிய 23 வினாடி ஆயிற்று. இன்று கோடிக்கணக்கான புள்ளிகள் கண் இமைப்பதற்குள் பதிவாகின்றன. ஆனால் அடிப்படை மாறவில்லை. விழுகிற வெளிச்சத்தை அளந்து எண்ணாக எழுதி வைக்கிற கணக்குப்பிள்ளைதான் டிஜிட்டல் காமிரா.

எவ்வளவு வெளிச்சம் விடவேண்டும் என்று ஆட்டோ எப்படி முடிவு செய்கிறது? எதிரில் உள்ளதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. கல்யாணக் கூட்டம், தோட்டம், தெரு இவற்றுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். கருங்கல்லைக் காட்டினால், "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டி வெளுக்க வைத்துவிடும். சுண்ணாம்பு அடித்த கோயில் சுவரைக் காட்டினால் வெளிச்சத்தைக் குறைத்து அழுக்காக்கிவிடும்.

இதற்கு மாற்று, கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான். பெரும்பாலான காமிராக்களில் உண்டு. சின்ன காமிராக்களில் ஆட்டோவிலிருந்து 'பி' என்ற நிலைக்கு மாற்றினால்தான் அது வேலை செய்யும். கருங்கல்லுக்குக் கழித்தல் முக்கால் அல்லது ஒன்று. வெள்ளைச் சுவருக்குக் கூட்டல் ஒன்று. வேறு எதுவும் கற்றுக்கொள்ள நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றையாவது பழகிக்கொள்ளுங்கள்.

மூன்று திருகுகள்

வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள் உண்டு. குழாயில் குடம் நிரப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர். அப்பர்ச்சரில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு: எண் கூடினால் துளை சிறுக்கும். எஃப் 4, 5.6, 8 என்று போகப் போக ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும்.

மூன்றாவது ஐ.எஸ்.ஓ. இது குழாய்க் கணக்கில் வராது. மேடையில் மைக்கின் சத்தத்தைக் கூட்டுவது மாதிரி. பேச்சாளர் குரலும் பெருகும், இரைச்சலும் பெருகும். படத்தில் அந்த இரைச்சல் மணல் தூவினதுபோலத் தெரியும். தேய்ந்த எழுத்தின் மேல் மணல் விழுந்தால் எது புள்ளி, எது கல்லின் சொரசொரப்பு என்று யாரால் சொல்ல முடியும்? மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டா இல்லையா என்பதை வைத்தே காலம் பேசுகிற துறை இது. ஆகவே கல்வெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 100 அல்லது 200-க்கு மேல் போகவேண்டாம்.

மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடு. எஃப் 4, ஒரு வினாடியில் 60-ல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 100 என்று எடுத்த அதே வெளிச்சம், எஃப் 8, 15-ல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தாலும் வரும். இரண்டாவதில் முன்பின் தெளிவு கூடுதல். ஆனால் 15-ல் ஒரு பங்கு வினாடி நம் கை ஆடாமல் நிற்காது. அதனால்தான் முக்காலி என்கிற டிரைபாட் வேண்டும். கல் ஓடிப்போகாது, நிதானமாக எடுக்கலாம்.

கல்லுக்கு வைக்கும் முறை

முதலில் ஃப்ளாஷை அணையுங்கள். மெனுவில் மின்னல் குறிக்குக் குறுக்கே கோடு போட்டிருக்கும் நிலை. ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராக அடிக்கிறது. எழுத்தின் பள்ளத்தில் நிழலே விழாது. நிழல் இல்லையென்றால் எழுத்தும் இல்லை. நான் கெட்டது இங்கேதான். உச்சி வெயிலில் போனதும் பிழை. பாறைச் சரிவின் மேல் நேராக விழும் வெயிலும் ஃப்ளாஷ் செய்வதையே செய்யும். காலை இளவெயில் அல்லது மாலைச் சாய்வெயில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிற நேரம் பார்த்துப் போகவேண்டும். மண்டபத்து உள்சுவர் என்றால், ஒருவரை ஓரமாக நிற்க வைத்து முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைச் சுவரோடு சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத வரிகள் எழுந்து வருவதைப் பார்ப்பீர்கள். சாக்பீஸ் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது கூடவே கூடாது. அது கல்லையும் கெடுக்கும். நம் ஊகத்தை எழுத்தாக்கியும் விடும்.

டயலில் 'ஏ' அல்லது 'ஏவி' என்ற நிலையில் வையுங்கள். அப்பர்ச்சரை நாம் சொல்வோம், ஷட்டரைக் காமிரா பார்த்துக்கொள்ளும். பெரிய காமிராவில் எஃப் 8. சட்டைப்பை காமிராவில் எஃப் 4 அல்லது 5.6 போதும். அதற்குமேல் துளையைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறி, தெளிவு குறையும்.

டிஜிட்டல் ஜூமை மெனுவில் அடைத்துவிடுங்கள். அது புதிதாக எதையும் காட்டாது. இருக்கிறதை வெட்டிப் பெரிதாக்கும். அதை வீட்டில் கணினியிலேயே செய்துகொள்ளலாம். டிரைபாடில் வைத்தால் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைப்பது நல்லது. ஆடாத இடத்திலும் அது ஆட்டத்தைத் தேடிச் சில காமிராக்களில் படத்தைக் கலைக்கும். பொத்தானை அமுக்குகிற விரலே காமிராவை ஆட்டும் என்பதால் 2 வினாடி டைமரைப் போடுங்கள்.

பதிவுத் தரம் பெரிய அளவு, ஃபைன். 'ரா' என்ற வசதி இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். ராவில் 4,096 அல்லது 16,384 படிகள். வெளிறிய கல்லில் மங்கலான ஒரு கோட்டைப் பின்னால் மீட்டெடுக்க அந்தப் படிகள்தான் கைகொடுக்கும்.

காமிராவைச் சுவருக்கு நேர் எதிரே வைத்து முதலில் முழுக் கல்வெட்டு. பிறகு வரி வரியாக, ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் வருகிற மாதிரி. பக்கத்தில் ஒரு அளவுகோல். காமிராவில் தேதியும் நேரமும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் பழைய படங்களில் தேதி 2004 என்று காட்டுகிறது, அப்போது அந்தக் காமிராவே என்னிடம் இல்லை!

ஓலைச்சுவடிக்கு இரண்டு மாற்றம். பூ அடையாளம் போட்ட மேக்ரோ நிலையில் வைக்கவேண்டும். வீட்டு விளக்கில் எடுத்தால் ஓலை எல்லாம் ஆரஞ்சு நிறமாக வரும். ஒரு வெள்ளைத் தாளை அதே விளக்கில் காட்டி, ஒயிட் பாலன்ஸில் கஸ்டம் என்பதில் 'இதுதான் வெள்ளை' என்று காமிராவுக்குச் சொல்லிவிட்டால் நிறம் சரியாகிவிடும்.

மூவி: அத்தையின் குரல்

கல் போயிற்று. குரலையாவது காப்பாற்றலாம் என்று 2011-ல் கிளம்பினேன். என் அத்தைக்கு அப்போது 84 வயது. நாலடியாரை அவர் சொல்கிற ராகம் அவர் மாமியார் வழி வந்தது. இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிற வீடு எங்களுடையது. அதற்குப் பிறகுதான் அத்தை ஓய்ந்து உட்காருவார், பாடுவார். டியூப்லைட்டைப் போட்டு மூவியில் எடுத்தேன். ஊருக்குத் திரும்பிப் போட்டுப் பார்த்தால் அத்தை முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் உருண்டுகொண்டே இருக்கின்றன. குரலைவிட மின்விசிறிச் சத்தம் அதிகம்.

பட்டைக்குக் காரணம் இதுதான். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மின்னி அடங்குகிறது, கண்ணுக்குத் தெரியாது. என் காமிரா வினாடிக்கு 30 சட்டம் எடுக்கிற அமெரிக்க முறையில் இருந்தது. அங்கே மின்சாரம் 60 சுற்று. அதற்கேற்ற 60-ல் ஒரு பங்கு ஷட்டரில் ஒவ்வொரு சட்டத்துக்கும் மின்னல் சரிசமமாக விழாது. 50-ல் ஒரு பங்கு வைத்தால் சரியாக இரண்டு மின்னல், 100-ல் ஒரு பங்கு வைத்தால் சரியாக ஒன்று. எல்லாச் சட்டமும் ஒரே வெளிச்சம். மெனுவில் வீடியோ சிஸ்டம் என்ற இடத்தில் என்.டி.எஸ்.சி. இருந்தால் பால் என்று மாற்றினால் 25 சட்டம் வரும். இதைத் தெரியாதது நான் மட்டுமல்ல என்பதில் ஒரு ஆறுதல். சினிமாக்காரர்களே கொண்டாடிய கேனான் 5டி மார்க் 2 காமிரா 2008-ல் வந்தபோது 30 சட்டம் மட்டும்தான் எடுத்தது. 24-ம் 25-ம் 2010-ல்தான் சேர்ந்தன.

2012-ல் மறுபடி போனேன். என் காமிராவில் மூவிக்கு ஷட்டரைக் கையால் வைக்க வழியில்லை. "அத்தை, காலையில திண்ணையில உட்கார்ந்து பாடறீங்களா?" என்றேன். "காலையில எனக்கு ஏதுடா நேரம்?" என்றவர், மறுநாள் குளித்து முடித்து வந்து உட்கார்ந்துவிட்டார். 25 சட்டம், டிரைபாட், ஒயிட் பாலன்ஸ் ஒரே நிலையில், வெளிச்ச அளவையும் ஃபோகஸையும் பூட்டியாயிற்று. பூட்டாவிட்டால் கை அசைந்தாலே படம் வெளுத்துக் கறுக்கும். மைக்கில் காற்றுத் தடுப்பு. பாடும்போது ஜூமைத் தொடவில்லை. அந்த மோட்டார் சத்தமும் பதிவாகும். வினாடிக்கு 17 மெகாபிட் தரத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 130 எம்.பி. இடம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, காலி கார்டு இரண்டு வைத்திருந்தேன். பல காமிராக்கள் அரை மணிக்குச் சற்று முன்பே தானாக நின்றுவிடும் என்பதால் பத்துப் பத்துப் பாட்டாக நிறுத்தி எடுத்தேன்.

நாற்பது பாட்டு இருக்கிறது. 2014-ல் அத்தை போய்விட்டார். என் பேத்தி இப்போது அந்த ராகத்தில் இரண்டு பாட்டு சொல்கிறாள்.

முடிவாக

இன்று செல்போனே காமிரா. ஆனாலும் இங்கே சொன்னது எதுவும் பழசாகவில்லை. போனில் ப்ரோ என்ற நிலையைத் திறந்தால் இதே ஐ.எஸ்.ஓ., இதே ஷட்டர். அது இல்லாத போனிலும் பலவற்றில் திரையை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும்.

பழகிப் பார்க்க ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். நாம் பிழைக்க வந்த இந்த ஊரிலேயே, தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. ஐ.டி. கம்பெனிகள் சூழ்ந்த அந்த இடத்துக்குத் தேசிமாணிக்கப் பட்டணம் என்று ஒரு பழம்பெயர் இருந்ததைச் சொல்வது கல்வெட்டுதான். கோயிலாரிடம் அனுமதி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்வாருங்கள்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். இடத்தை விட்டு நகர்வதற்கு முன், எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி ஒரு வரியையாவது எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லையா, மறுபடி எடுங்கள். 2006-ல் அந்தக் குன்றின் மேல் நான் ஒரு பத்து நிமிஷம் அப்படிச் செலவழித்திருந்தால், பன்னிரண்டு வரியும் இன்று இந்த மலரில் அச்சாகியிருக்கும்.