‘கூஈ’யும் கூப்பிடு தூரமும்

எழுதக் கற்பதற்குப் பன்னெடுங்காலம் முன்பே மனிதன் கூவக் கற்றான். கைக்கெட்டாத இடத்தில் நிற்பவரைக் குரலால் எட்டுவதே கூவலின் பயன். அப்பயனுக்கென ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் ஒன்று ‘கூஈ’ என்பதாகும். தமிழறிந்தார் செவிக்கு அது நம் ‘கூ’வின் உடன்பிறப்பாகவே ஒலிக்கும். அஃது உண்மையா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

‘கூஈ’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரைச் சூழ்ந்த நிலத்துக்குரிய தாருக் மொழியினரின் அழைப்பொலி அது. ‘இங்கே வா’ என்பது அதன் பொருள். 1788இல் அங்குக் குடியேறிய ஆங்கிலேயர், சில ஆண்டுகளுக்குள் அதனைக் கேட்டுக் குறித்து வைத்தனர்; பின்னர்த் தாமும் காட்டிடையே அவ்வாறே கூவலாயினர். முதலசையை நீட்டி, இரண்டாமசையை உச்சத்தில் உயர்த்திக் கூவுதல் அதன் முறை.

1891இல் கானன் டாயில் எழுதிய துப்பறியும் கதையொன்றில், கொலையுண்டவர் ‘கூஈ’ என அழைத்த செய்தியைக் கொண்டே, அவர் சந்திக்கச் சென்றவர் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்தவர் என ஷெர்லாக் ஹோம்ஸ் உய்த்துணர்கிறார். முதல் உலகப் போரின்போது, 1915 அக்டோபரில் கில்கண்ட்ரா என்னும் ஊரிலிருந்து படையிற் சேரப் புறப்பட்ட சிறு குழுவினர், வழியெல்லாம் ‘கூஈ’ எனக் கூவி ஆள் சேர்த்து, நவம்பரில் 263 பேராகச் சிட்னியை அடைந்தனர்.

‘கூஈக்குள்’ என்றால் அந்நாட்டு ஆங்கிலத்தில் ‘அருகில்’ என்று பொருள். நம் ‘கூப்பிடு தூரம்’ நினைவுக்கு வருகிறதன்றோ? கூவு, கூவல், கூக்குரல், கூப்பாடு என விரியும் நம் சொற்குடும்பத்திற்கு மலையாளத்தில் ‘கூவுக’, கன்னடத்தில் ‘கூகு’, தெலுங்கில் ‘கூயு’ எனக் கிளைகள் உள. ‘கூப்பீடு’ நம் பழைய நீட்டலளவைகளுள் ஒன்று; நான்கு கூப்பீடு ஒரு காதம் என்பர். வடமொழியில் தூரத்தைக் குறிக்கும் ‘குரோசம்’ என்பதும் கூவுதல் என்னும் வினையடியாகப் பிறந்ததே.

ஒலியும் பொருளும் இத்துணை ஒத்தபின், ‘கூஈ’ தமிழே என முழங்கிவிடத் தோன்றும். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் திராவிட, ஆஸ்திரேலிய மொழிகளுக்கிடையே சில ஒப்புமைகளைச் சுட்டியதுண்டு. ஆயினும் இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்பதில்லை. குயிலோசையைப் போன்ற ஒலிக்குறிப்புகள் எம்மொழியிலும் தாமே தோன்றவல்லன. குரல் எட்டும் எல்லையைத் தூரமாகக் கொள்வதும் எம்மக்களுக்கும் இயல்பு. ஒப்புமை வேறு, உறவு வேறு.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. ‘நற்பாங்கு’ என்பதில் தன்மையைக் குறிக்கும் ‘பாங்கு’ தமிழ்ச்சொல். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் ‘பாங்கு’ பாரசீகச் சொல். குரல், முழக்கம் என்பது அதன் மூலப்பொருள். எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்போ வேறு. கார்த்திகைத் தீபநாளில் வேங்கிக்கால் வரை எழும் ‘அரோகரா’ முழக்கத்தை ‘ஹர ஹர’ என்பதன் திரிபு என்பர் அறிஞர். இவ்வூரார் நாள்தோறும் அறிந்த குரல்களே வெவ்வேறு மொழி வரலாறுகளைச் சுமந்து நிற்கின்றன. ஒரு சொல்லை இன்ன மொழியினது என நிறுவ, ஒலியொப்புமையோடு மக்கள் தொடர்பும் பழைய வழக்கும் ஒலிமாற்ற நெறியும் வேண்டும். பாரசீகத்தோடு நமக்குத் தொடர்புண்டு. ஆதலின் ‘பாங்கு’ வந்த வழி விளங்குகிறது. ‘கூஈ’க்கு அத்தகைய வழி காட்டுவாரிலர்.

இது வெறும் அகராதிச் சிக்கலன்று. குடியேற்றத்தால் நிலமிழந்த தாருக் மக்கள், தம் மொழி அன்றாட வழக்கிலிருந்து மறையவும் கண்டனர். இன்று அவர்தம் வழித்தோன்றல்கள் அதனை மீட்டு, பள்ளிகளில் கற்பித்து வருகின்றனர். உலகெங்கும் பரவிய அவர்தம் சொல்லொன்றை ‘எமது’ என்று நாம் உரிமை கொண்டாடுவது அறமாகுமோ? தமிழின் பெருமைக்கு அதன் இரண்டாயிரமாண்டு இலக்கியமே போதும். பிறர் உடைமை வேண்டுவதில்லை. சொல்லாராய்ச்சியில் புகும் மாணவர், உரத்த குரலைக் காட்டிலும் உறுதியான சான்றையே நம்புவாராக!